பழைய படகில் குடியேற: இரும்பா, ஃபைபரா, அகலப் படகா?

பர்மிங்ஹாமில் வேலை பார்க்கும் அக்கா மகன் மூன்று படகு விளம்பரங்களை வாட்ஸாப்பில் அனுப்பி, "மாமா, பிளேட்டு, வெல்டிங்னு காலம்பூரா பட்டறையில இருக்கீங்க. இதுல எதை வாங்கலாம்?" என்று கேட்டிருந்தான். வாடகை கொடுத்து மாளவில்லையாம். பழைய படகு ஒன்றை வாங்கிக் கால்வாயிலேயே குடியிருந்துவிடலாம் என்று திட்டம். அக்காவின் கவலை வேறு: "படகுல குடியிருக்கறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" அதை இந்த அலசலில் தீர்க்க முடியாது. மற்றதைப் பார்க்கலாம். நம் பக்கத்திலிருந்து அங்கே போன வேறு பிள்ளைகளுக்கும் உதவும்.

முதலாவது, 1980களின் கடைசியில் கட்டிய 57 அடி இரும்பு நேரோபோட், அதாவது குறுகலான கால்வாய்ப் படகு. இரண்டாவது, அதைவிட மிக மலிவான 27 அடி ஃபைபர் குரூசர். மூன்றாவது, 11 அடி அகலத்தில், உள்ளே சோபா செட்டே போடக்கூடிய வைட்பீம், விலையும் அதற்கேற்றபடி. ஏற்காடு ஏரியையும் பூலாம்பட்டி விசைப்படகையும் தாண்டிப் படகு அறியாத சேலத்துக்காரனுக்கு மூன்றாவதுதான் கண்ணைப் பறிக்கும். பையனுக்கும் அதன் மேல்தான் ஆசை. மூன்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்த்தேன்: இதில் குடியிருக்கப் போகிறேன் என்று உண்மையைச் சொன்னால் எந்தப் படகுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி ஃபுல் பாலிசி கொடுக்கும்? விலை, அழகு, சமையலறை எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் அங்கத்திய விதி. இங்கிலாந்து, வேல்ஸில் சுமார் 2,000 மைல் நீர்வழிகளை 2012 முதல் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் பார்த்துக்கொள்கிறது. அதன் லைசென்ஸ் இல்லாமல் படகு நிற்கவே முடியாது. லைசென்ஸுக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் போட் சேஃப்டி சான்றிதழ் வேண்டும். குறைந்தது 20 லட்சம் பவுண்டுக்குத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் வேண்டும். சொந்தமாக நிறுத்துமிடம், அதாவது மூரிங், காட்ட வேண்டும். அது இல்லையென்றால், எந்த ஓர் இடத்திலும் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்காமல் உண்மையிலேயே பயணம் செய்துகொண்டிருக்க வேண்டும் என்கிறது 1995ஆம் ஆண்டுச் சட்டம். இப்படி நகர்ந்துகொண்டே இருப்பவர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து லைசென்ஸ் கட்டணம் கூடுதல். அகலப் படகுக்கு அகலத்துக்காகவும் கூடுதல்.

சேஃப்டி சான்றிதழ் இருக்கிறதே, போதாதா என்று பையன் கேட்டான். சங்ககிரியில் பழைய லாரி வாங்குகிறவர் எஃப்.சி. இருக்கிறது என்பதற்காகச் சேஸிஸைப் பார்க்காமல் விடுவாரா? அந்தச் சான்றிதழ் கேஸ் லைன், வயரிங், எரிபொருள் டேங்க், தீயணைப்பான், 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயமான கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆகியவற்றைத்தான் பார்க்கும். அடித்தகட்டில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று பார்க்காது. படகு மூழ்குவதோ அந்த மில்லிமீட்டரில்.

இனி இரும்புப் படகு. நேரோபோட்டின் அகலம் 6 அடி 10 அங்குலம். 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி போன்றவர்கள் வெட்டிய கால்வாய்களில் லாக்குகள் 7 அடி அகலம்தான். லாக் என்றால் இரு பக்கமும் கதவு போட்ட தொட்டி. தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை மேடு பள்ளம் கடத்துவார்கள். 72 அடி வரை நீளமான படகுகள் உண்டு. ஆனால் வடக்கே கால்டர் அண்ட் ஹெபிள் போன்ற கால்வாய்களில் லாக்கின் நீளமும் குறைவு. அதனால்தான் 57 அடிக்கு அங்கே தனி மவுசு: நாட்டின் கால்வாய்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் போய்வரலாம். விற்கும்போதும் அது கைகொடுக்கும்.

விளம்பரத்தில் 10/6/4 என்று போட்டிருந்தால் அடித்தகடு 10 மி.மீ., பக்கத் தகடு 6, கேபின் 4 என்று பொருள். புதுப் படகுகளில் இதுதான் வழக்கம். பழைய படகுகள் பலவற்றில் அடியே 6 மி.மீ.தான் இருக்கும், பக்கம் 5 இருக்கும். அதில் முப்பது நாற்பது வருடத் துருவைக் கழித்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ்காரர்கள் பொதுவாக 4 மி.மீ.யில் கோடு போடுகிறார்கள். அதற்குக் கீழே போனால் தகடு அடிக்கச் சொல்வார்கள், அல்லது தேர்ட் பார்ட்டியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, சர்வேயர் சுத்தியலால் தட்டி, சுரண்டி, தகட்டின் கனம் அளக்கும் அல்ட்ராசோனிக் கேஜை வைத்துப் பார்ப்பார். இங்கேதான் எங்கள் தொழில்காரன் கண் வேண்டும். கேஜ் காட்டும் 5.2 என்பது தகட்டின் நல்ல முகத்தில் எடுத்த அளவு. அதற்கு ஓரங்குலம் தள்ளி ஒன்றரை மி.மீ. ஆழத்துக்கு ஒரு துருப்பள்ளம் இருந்தால், அந்த இடத்தில் மிச்சம் 3.7தான். ரிப்போர்ட்டில் பள்ளத்தின் ஆழம் தனிப் பத்தியில் இருக்கும். சராசரி அளவு பளிச்சென்று அட்டவணையில் இருக்கும். எல்லோரும் அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கை குலுக்குவார்கள். தண்ணீர் மட்டக் கோடு, அடித்தகடும் பக்கத் தகடும் சேரும் மூலை, புரொப்பல்லரை ஒட்டிய பின்பகுதி, இந்த மூன்றின் பள்ள அளவையும் தேடிப் படிக்க வேண்டும். உள்பக்கத்தையும் விடக்கூடாது. ஷவர் ஒழுகி, தரைப்பலகைக்கு அடியில் வருடக்கணக்கில் தண்ணீர் நின்றால் தகடு உள்ளிருந்தே தின்னப்படும். வெளியே பூசிய கறுப்புப் பெயின்ட்டைப் பார்த்தால் அது தெரியவே தெரியாது.

"ஓவர்பிளேட்டிங் பண்ணியிருக்கு மாமா, டபுள் தகடு, இன்னும் ஸ்ட்ராங்தானே?" என்றான். டேய் மாப்ளே, தண்ணி லாரி டேங்கில் ஒட்டுப் போட்டுக் கொடுத்துக் கொடுத்து எங்களுக்குத் தெரியும், ஒட்டுக்குப் பக்கத்தில்தான் அடுத்த ஒழுக்கு. பழைய தகட்டின் மேல் புதுத் தகடு வைத்து விளிம்பில் வெல்டு அடிக்கிறார்கள். இடையில் ஈரம் மாட்டினால் அது அங்கேயே வேலை பார்க்கும். எடை கூடிப் படகும் இன்னும் ஆழமாக இறங்கும். என்ஜின் காற்றுத் துளைகளும் வடிகால் துளைகளும் தண்ணீருக்குக் கிட்டே வந்துவிடும். ஒழுங்காகச் செய்த ஓவர்பிளேட்டிங் பல ஆண்டு தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் எந்த ஆண்டு, யார் செய்தது, எத்தனை மி.மீ., வேலைக்குப் பின் சர்வே நடந்ததா என்ற தாள் இல்லையென்றால் அதை நான் பலமாக எண்ண மாட்டேன்.

பராமரிப்பில் இரண்டு செலவு தப்பாது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை படகைத் தூக்கி, அடிப்பாகத்துக்குத் தார்ப்பூச்சு அடிக்க வேண்டும். கூடவே, இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்துபோகும் மெக்னீசியக் கட்டிகளை மாற்ற வேண்டும். மரினாவில், அதாவது படகுகளை வரிசையாக நிறுத்தும் துறையில், கரண்ட் இணைப்பு எடுத்தால் எர்த் ஒயர் வழியாகப் பக்கத்துப் படகுகளும் நம் படகும் மின்வேதி முறையில் இணைந்துவிடும். அடுத்தவன் படகைக் காப்பாற்ற நம் இரும்பு கரையும். கால்வானிக் ஐசோலேட்டர் என்ற சிறு கருவி இதைத் தடுக்கும். விற்பவரிடம் அது இருக்கிறதா என்று கேட்பது எளிது. எத்தனை காலம் அது இல்லாமல் கரண்டில் கிடந்தது என்று கேட்பது அதைவிட முக்கியம்.

ஃபைபர் குரூசருக்கு இந்தத் துருத் தொல்லை கிடையாது. வாங்கும் விலை மிகக் குறைவு. தூக்கி லாரியில் ஏற்றுவதும் எளிது. ஃபைபருக்குள் ஈரம் புகுந்து மேல்பூச்சில் கொப்புளம் கிளம்பும் ஆஸ்மோசிஸ் என்ற வியாதி உண்டு. ஈரமானி வைத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் உடனே மூழ்கடிக்கிற வியாதி இல்லை. மேல்தளத்து ஃபைபருக்கு நடுவே மரப்பலகை வைத்திருந்தால் அது உளுத்துப் போயிருக்கலாம். உளுத்திருந்தால் காலால் மிதித்தாலே மெத்தென்று இருக்கும்.

என் தயக்கம் குளிரில்தான். இந்தப் படகுகள் கோடைக்கால உல்லாசத்துக்குக் கட்டியவை. மெல்லிய சுவர், வெப்பம் காக்கும் அடுக்கு கிடையாது, ஜனவரியில் உள்சுவரில் தண்ணீர் வழியும். விறகு அடுப்பு வைக்க இடமும் போதாது. கால்வாயில் பனிக்கட்டி படர்ந்தால் அதன் விளிம்பு ஃபைபரை அறுக்கும். பக்கத்தில் 15 டன் இரும்பு நேரோபோட் வந்து இடித்தால் யாருக்குச் சேதம் என்று சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் என்ஜின் என்றால் ஆவி அடியில் தங்கித் தீப்பிடிக்கும் அபாயம் வேறு. வார இறுதிக்குத் தேர்ட் பார்ட்டி சுலபமாகக் கிடைக்கும் இதே படகுக்கு, குடியிருப்பு என்றதும் எல்லாக் கம்பெனியும் பாலிசி தராது. தனிக்கட்டை, ஓரிரு ஆண்டு, கையில் காசில்லை என்றால் யோசிக்கலாம். அக்கா மகனுக்கு நான் வேண்டாம் என்றேன்.

வைட்பீமைச் சுருக்கமாக முடிக்கலாம். உள்ளே வீடுதான், சந்தேகமில்லை. ஆனால் 7 அடி லாக்கில் 11 அடிப் படகு நுழையாது. பர்மிங்ஹாம் கால்வாய்களின் லாக்குகள் குறுகியவை. தெற்கிலும் வடக்கிலும் அகலக் கால்வாய்கள் உண்டு, நடுவில் குறுகல். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கிரேனும் பெரிய டிரெய்லரும் வேண்டும். வேலை பர்மிங்ஹாமில், படகு லண்டனில் என்றால் எதற்கு? நிரந்தர மூரிங் ஏற்கெனவே கையில் இருக்கும் குடும்பஸ்தருக்கு மட்டும் இது சரி.

இனி பாலிசி. இதிலும் இரண்டு வழி. தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தால் பிரீமியம் குறைவு, பல கம்பெனிகள் சர்வே ரிப்போர்ட்டும் கேட்காது, லைசென்ஸ் கிடைத்துவிடும். நம்மால் அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்குத்தான் பணம் வரும். நம் படகு மூழ்கினால் வீடும் போச்சு, சேமிப்பும் போச்சு. அதோடு முடியாது. மூழ்கிய படகை அகற்றவும், செலவை உரிமையாளரிடம் வசூலிக்கவும் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. ஆகவே தேர்ட் பார்ட்டிதான் என்றாலும், மூழ்கிய படகைத் தூக்கும் செலவு அதில் அடக்கமா என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

ஃபுல் பாலிசிக்குப் பழைய படகு என்றால் தண்ணீரிலிருந்து தூக்கி எடுத்த சர்வே கேட்பார்கள். இருபது வருடம் தாண்டினாலே கேட்கும் கம்பெனி உண்டு, முப்பது வரை விடும் கம்பெனியும் உண்டு. ரிப்போர்ட்டில் 'உடனே செய்ய வேண்டியவை' என்று இருப்பதைச் செய்து முடிக்காமல் கிளெய்ம் போனால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். மதிப்பில் ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டும். நம் கார் பாலிசியில் ஐ.டி.வி., அதாவது கம்பெனி ஒப்புக்கொள்ளும் வண்டி மதிப்பு, வருடா வருடம் தேயும். படகுப் பாலிசி சிலவற்றில், முழு நஷ்டம் என்றால் இவ்வளவு என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகை இருக்கும். சிலவற்றில் அன்றைய சந்தை விலைதான். முப்பது வருடப் படகுக்கு முதல் வகை கிடைத்தால் சற்று அதிகம் கொடுத்தும் எடுக்கலாம்.

ஃபுல் என்றால் எல்லாம் என்று அர்த்தமில்லை. பிரிட்டனின் 1906ஆம் ஆண்டுக் கடல் காப்பீட்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, பாலிசி வேறுவிதமாகச் சொன்னாலொழிய, சாதாரணத் தேய்மானத்துக்கும் எலி முதலான பூச்சி பொட்டால் வரும் நஷ்டத்துக்கும் கம்பெனி பொறுப்பில்லை என்கிறது. நம் நாட்டின் 1963ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்த எலி அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது. படகுப் பாலிசிகள் அந்த மரபில் எழுதியவைதான். மெல்ல மெல்லத் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் தேய்மானம். லாக்கில் இறங்கும்போது பின்பகுதி உள்ளே நீட்டிய கல்படியில் மாட்டி, முன்பக்கம் சரிந்து தண்ணீர் புகுந்தால் விபத்து. பின்னதற்குப் பணம் வரும், முன்னதற்கு வராது. அதனால்தான் பள்ளத் துருவைப் பற்றி இவ்வளவு எழுதினேன்: அந்த ஓட்டைக்கு எந்தப் பாலிசியும் கிடையாது, கண்ணை நன்றாகத் திறந்து வாங்குவது ஒன்றுதான் அதற்குக் காப்பீடு. பனிக்காலத்தில் பைப் உறைந்து வெடிப்பதற்கும் நிபந்தனை உண்டு. ஊருக்கு வந்து ஒரு மாதம் தங்குவதானால் குழாய்த் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் வர வேண்டும்.

பிரீமியத்தை மிச்சம் பிடிக்க, 'விடுமுறைக்கு மட்டும்' என்று போட்டுவிட்டுக் குடியிருக்கலாம் என்று யாரோ நண்பர் அவனுக்கு யோசனை சொல்லியிருக்கிறார். கம்பெனி கேட்கும் கேள்விக்குக் கவனமாக உண்மை சொல்லும் பொறுப்பு 2012ஆம் ஆண்டு நுகர்வோர் காப்பீட்டுச் சட்டப்படி வாங்குபவருடையது. தெரிந்தே பொய் சொன்னால் பாலிசியையே ரத்து செய்யலாம். வாசலில் துணி காய்வதையும் விறகு அடுக்கியிருப்பதையும் பார்த்தாலே அதிகாரிக்குப் போதும்.

உரிமை விஷயத்திலும் உஷார். அங்கே கால்வாய்ப் படகுக்கு நம் ஆர்.சி. புக் மாதிரி கட்டாய உரிமைப் பதிவு இல்லை. லைசென்ஸ் அவர் பேரில் இருப்பது படகு அவருடையது என்பதற்குச் சான்றாகாது. முந்தைய விற்பனைப் பத்திரங்களின் தொடர்ச்சி, பழைய பில்கள், கடன் பாக்கி இல்லை என்ற கடிதம் எல்லாம் வேண்டும். தனியாரிடம் வாங்கினால், டீலருக்குப் பொருந்தும் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் தர உத்தரவாதமும் கிடைக்காது. நடுவில் புரோக்கர் இருந்தாலும் விற்பவர் தனியாராக இருந்தால் இதே கதைதான்.

ஆக, என் ஓட்டு அந்த 57 அடி நேரோபோட்டுக்கு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. விலை பேசும்போதே 'சர்வே திருப்தியானால் மட்டும்' என்று எழுதிக்கொள்ள வேண்டும். சர்வேயரை நம் பிள்ளையே அமர்த்த வேண்டும். விற்பவர் நீட்டும் பழைய ரிப்போர்ட் ஆகாது. ரிப்போர்ட் வந்ததும் இரண்டு மூன்று கம்பெனிக்கு அனுப்பி, குடியிருப்பு என்று சொல்லி, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். ஃபுல் பாலிசிக்கு யாரும் ஒத்துக்கொள்ளாத படகை, விற்பவர் பாதி விலைக்குத் தந்தாலும் விட்டுவிடச் சொன்னேன்.

படகு இப்போது ஸ்டாஃபர்ட்ஷயர் பக்கம் நிற்கிறது. பர்மிங்ஹாமுக்குக் கொண்டுவர வுல்வர்ஹாம்ப்டனில் வரிசையாக 21 லாக் ஏற வேண்டும். ஏறும்போது முன்முனை கதவில் மாட்டும் ஆபத்து உண்டு, ஓட்டப்போவதோ புதுக்கை. பாலிசியை வீடு வந்து சேர்ந்தபின் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்காமல், விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்தாகும் தேதியும் நேரமும் போட்டே தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.