பத்து நிற ஈய நரம்பு: 40 அடி வரை கில்லி, அதற்குக் கீழே தடுமாற்றம்

படகை மெல்ல ஓட்டிக்கொண்டே பின்னால் இரையை இழுத்துச் சென்று மீன் பிடிப்பதுதான் ட்ரோலிங். (மடிவலை இழுக்கிற ட்ராலருக்கும் இதற்கும் பெயர் ஒலிப்பில் மட்டும்தான் உறவு.) மீன் மேல்மட்டத்தில் இருக்கும்வரை இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கோடையில் ட்ரவுட்டும் ஏரி சால்மனும் 30, 40 அடிக்கு இறங்கிவிட்ட பிறகுதான் தலைவலி. ஐந்தாறு கிராம் எடையுள்ள மெல்லிய ஸ்பூனை (கரண்டி வடிவ உலோகப் பொய்யிரை) ஓடும் படகிலிருந்து அந்த ஆழத்துக்கு எப்படிக் கொண்டுபோவது?

வட அமெரிக்காவின் ஆழ ஏரிகளில் இதற்கு இரண்டு வழிகள் நிலைத்திருக்கின்றன. ஒன்று டவுன்ரிக்கர். படகோரத்தில் பொருத்திய சிறு வின்ச்சிலிருந்து கம்பியில் 8 முதல் 12 பவுண்டு குண்டு ஒன்றை இறக்கி, அதிலுள்ள கிளிப்பில் தூண்டில் நரம்பைக் கவ்வ வைப்பார்கள். இன்னொன்று லெட்கோர், அதாவது உள்ளே ஈயக்கம்பி ஓடும் நரம்பு. இங்கே பார்க்கப்போவது இந்த இரண்டாவதை. 18 பவுண்டு இழுவை தாங்கும், 10 நிறச் சுருள். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மேலிருந்து 40 அடிக்குள் சால்மன் தேடுபவர் டவுன்ரிக்கருக்கு முன்னால் இதைத்தான் வாங்க வேண்டும். 60 அடிக்குக் கீழே ஏரித் தரையோடு கிடக்கும் லேக் ட்ரவுட்டுக்காக இதை வாங்கினால் காசு தண்டம்.

அமைப்பு எளிமையானது. நைலான் அல்லது டாக்ரான் இழையில் பின்னிய மேலுறை, அதற்குள் மெல்லிய ஈயக்கம்பி. 10 கஜத்துக்கு ஒருமுறை, அதாவது 30 அடிக்கு ஒருமுறை, உறையின் நிறம் மாறும். பத்து நிறத்துக்கு 300 அடி. நரம்பு எவ்வளவு வெளியே போயிருக்கிறது என்பதை நிறத்தை எண்ணியே சொல்லிவிடலாம், மீட்டர் வைத்த ரீல் தேவையில்லை. நேற்று மீன் கடித்தது ஐந்தரை நிறத்தில் என்றால் இன்றும் அதே ஐந்தரையில் நிறுத்தலாம். நிறங்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. எனவே "பச்சை வரைக்கும் விடு" என்று மனப்பாடம் செய்யாமல், எத்தனையாவது மாற்றம் என்று எண்ணிப் பழகுவது நல்லது.

இனி முக்கியமான குறை. நிறத்துக்கு 5 அடி இறங்கும் என்ற கணக்கு எல்லோர் வாயிலும் புழங்குகிறது. அது மணிக்கு 2 மைல் வேகத்தை ஒட்டிய உத்தேசக் கணக்கு, அவ்வளவுதான். நரம்பைக் கீழே இழுப்பது ஈயத்தின் எடை, மேலே தூக்குவது தண்ணீரின் எதிர்ப்பு. வேகம் கூடினால் எதிர்ப்பு ஜெயிக்கும், நரம்பு மேலே வரும். ஒன்றரை மைலுக்குக் குறைத்தால் அதே ஐந்து நிறம் பல அடி கீழே போய்விடும். இழுவை அதிகமுள்ள பெரிய ஸ்பூனும் ஆழத்தைக் குறைக்கும். மெல்லிய பின்னல் உறை போட்ட புதுவகை லெட்கோர், பழைய தடித்த உறையைவிட நிறத்துக்கு அதிகமாகவே இறங்கும். ஆகவே பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், ஏரித் தரையை வைத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

அளப்பது இப்படி. சோனாரில் பார்த்து, 25 அடி ஆழத்தில் பாறையோ கட்டையோ இல்லாத சமதளம் ஒன்றைப் பிடியுங்கள். முள்ளைக் கழற்றிய பழைய ஸ்பூனைக் கட்டி, வேகத்தை 2 மைலில் நிறுத்தி, நான்கு நிறம் விடுங்கள். நரம்பு தண்ணீரில் படிய ஒரு நிமிடமாவது கொடுக்க வேண்டும். பிறகு அரை அரை நிறமாகக் கூட்டிக்கொண்டே போங்கள். ஸ்பூன் தண்ணீரில் ஆடும்போது கோலின் நுனி ஒரே சீராக அதிரும். தரையைத் தொட்டதும் அந்தத் தாளம் குலைந்து விட்டுவிட்டு வெட்டும். அது ஐந்தாவது நிறத்தில் நடந்தால் நிறத்துக்கு 5 அடி, ஆறாவதில் நடந்தால் 4 அடிக்குச் சற்று மேல். ஒன்றரை மைலிலும் இரண்டரை மைலிலும் இதையே திரும்பச் செய்து, கிடைத்த எண்களை ரீலில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் காட்டுவது தரையை வைத்துக் கணக்கிட்ட படகின் வேகம். காற்று நீரோட்டத்தைக் கிளப்பிவிட்ட நாளில் அடியில் ஸ்பூன் உணரும் வேகம் வேறாக இருக்கும். அன்றைக்கு ஜிபிஎஸ்ஸைவிடக் கோல் நுனியின் அதிர்வுதான் உண்மை பேசும்.

இந்தத் துல்லியக் குறைவையும் தாண்டி லெட்கோருக்கு ஓட்டுப் போட வைப்பது அதன் வளைவு. படகு நேராகப் போகும்வரை பின்னால் வருவது ஒரு சரிவான கோடு. படகின் இருபக்கமும் ஒவ்வொரு நரம்பு விட்டிருக்கும்போது படகைத் திருப்பினால் உள்பக்கத்து நரம்பு வேகமிழந்து தாழும், வெளிப்பக்கத்து நரம்பு வேகம்பிடித்து எழும். சால்மன் தின்னும் ஸ்மெல்ட் என்ற சின்ன மீனின் அடிபட்ட குஞ்சும் இப்படித்தான் தாழ்ந்து தாழ்ந்து எழும். பின்னாலேயே வந்துகொண்டிருந்த சால்மன் பெரும்பாலும் அந்த நொடியில்தான் பாய்கிறது. இன்னொரு பயனும் உண்டு. கடி எப்போதும் உள்பக்கத்துக் கோலிலேயே விழுந்தால் மீன் இன்னும் கீழே இருக்கிறது, அல்லது வேகம் அதற்கு அதிகம். அரை நிறம் கூட விடுங்கள், அல்லது வேகத்தைச் சற்றுக் குறையுங்கள். வெளிப்பக்கத்தில் விழுந்தால் நேர்மாறு. திருப்பத்தை மட்டும் அகலமாக எடுக்க வேண்டும். 300 அடி நரம்போடு சட்டென்று வெட்டித் திருப்பினால் உள்பக்கத்து ஸ்பூன் தரையில் மாட்டும், இல்லாவிட்டால் இரண்டு நரம்பும் பின்னிக்கொள்ளும்.

எத்தனை நிறம் என்பதைத் தீர்மானிப்பது தெர்மாமீட்டர். ஏரி சால்மனுக்குப் பிடித்தது 55 டிகிரி பாரன்ஹீட்டை (சுமார் 13 செல்சியஸ்) ஒட்டிய தண்ணீர். லேக் ட்ரவுட் அதைவிடக் குளிர்ந்த 50 டிகிரி பக்கம் போகும். மெய்ன் மாநிலத்து செபேகோ ஏரியின் பெயரைத்தான் இந்தச் சால்மனுக்கு அறிவியலில் வைத்திருக்கிறார்கள். அந்த ஏரியின் அதிகபட்ச ஆழம் 316 அடி. அதைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. கோடையில் சூடான மேல்நீரும் குளிர்ந்த அடிநீரும் சந்திக்கும் பட்டையை ஒட்டித்தான் சால்மன் திரியும். லெட்கோர் எட்டும் ஆழம் அது. பனி உருகிய வசந்தத்தில் ஏரி முழுக்கக் குளிராக இருப்பதால் ஒன்றிரண்டு நிறமே போதும். ஸ்பூனுக்குப் பதிலாக, மெய்னின் கேரி ஸ்டீவன்ஸ் கட்டிய கிரே கோஸ்ட் போன்ற ஸ்மெல்ட் சாயலில் இறகால் கட்டிய 'ஈ' என்னும் பொய்யிரைகளும் அப்போது நன்றாக எடுபடும்.

வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை முடிச்சு. லெட்கோரை நேராக ஸ்பூனில் கட்டக் கூடாது. தடித்த வண்ண நரம்பு மீனின் கண்ணில் படும். நடுவே 8 முதல் 12 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர் (கண்ணில் எளிதில் படாத மெல்லிய முன்நரம்பு) 30 அடியாவது வேண்டும், தண்ணீர் தெளிவாக இருந்தால் 50. இரண்டையும் இணைக்க வில்லிஸ் முடிச்சு. நரம்பின் நுனியிலிருந்து ஐந்து அங்குலத்தில் விரல் நகத்தால் அழுத்தி மடக்கினால் உள்ளே ஈயம் ஒடியும். உறையைச் சுருக்கிப் பின்னால் தள்ளி, ஒடிந்த துண்டை உருவி எடுங்கள். லீடரின் நுனியைச் சாய்வாக வெட்டி, காலியான உறைக்குள் மெல்ல நுழைத்து, ஈயம் முட்டும்வரை தள்ளுங்கள். உறையும் லீடரும் சேர்ந்திருக்கும் அந்தப் பகுதியின் நடுவில் சாதாரண ஒற்றை முடிச்சு போட்டு, எச்சில் தடவி நிதானமாக இறுக்குங்கள். பிரிந்து நிற்கும் நுனியைக் கத்தரித்து ஒரு சொட்டுப் பசை வைத்தால் ஆயிற்று. லீடர் ஈயம்வரை போகாவிட்டால் முடிச்சுக்குப் பின்னால் வெற்று உறை மட்டும் மிஞ்சும், அந்த இடம்தான் முதலில் மடியும். ஸ்விவல் (சுழலும் உலோக இணைப்பு) வைத்து இணைப்பவர்களும் உண்டு. மீன் படகருகே வரும்போது அது கோலின் வளையத்தில் சிக்கி நிற்கும், கைவலைக்கு எட்டாத தூரத்தில். லீடர் லெட்கோரைவிட வலு குறைந்ததாக இருக்க வேண்டியதற்கும் காரணம் உண்டு. தரையில் மாட்டினால் அறுவது லீடராக இருக்கட்டும், 300 அடி நரம்பாக வேண்டாம்.

ரீல் பெரியதாக வேண்டும். 10 நிறமும் அதற்கு அடியில் 100 கஜத்துக்குக் குறையாத பின்னல் நரம்பும் கொள்ள வேண்டும். பென் 209 அளவு இதற்குப் பேர்போனது. சுற்றும்போது ஈரத்துணியால் பிடித்து இறுக்கமாகச் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால் நரம்பு மேலடுக்கு கீழடுக்குக்குள் புதைந்து, விடும்போது தடக்கென்று நிற்கும். அந்த உதறலில் ஈயம் உள்ளேயே ஒடிந்துவிடும்.

மீன் மாட்டிய பிறகுதான் லெட்கோர் உண்மையில் சோதிக்கிறது. டவுன்ரிக்கரில் கிளிப் விடுபட்டதும் மீனுக்கும் உங்களுக்கும் நடுவே மெல்லிய நரம்பு மட்டுமே. இங்கே மீனின் இழுப்பை ஈயம் பாதி விழுங்கிவிடுகிறது, சின்ன மீன் மாட்டியது சில நேரம் தெரிவதே இல்லை. சால்மனின் வாய் மென்மை, ரீலின் பிரேக்கை இறுக்கினால் முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும். ஓடும் வேகத்தில் நரம்பு தானாக உருளாத அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும். மீன் மாட்டியதும் படகை நிறுத்துவது எல்லோருக்கும் வரும் கைப்பழக்கம். நிறுத்தினால் ஈயம் தொய்ந்து தரையில் படுக்கும், நரம்பு தளரும், துள்ளுகிற சால்மன் முள்ளை உதறிவிட்டுப் போகும். வேகத்தைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள்.

தரையில் மாட்டி இழுத்த பிறகு நரம்பை விரலிடுக்கில் ஓடவிட்டுத் தடவிப் பாருங்கள். ஈயம் ஒடிந்து விலகிய இடம் மெத்தென்று காலியாகத் தெரியும். அந்தத் துண்டை வெட்டியெறிந்து சேர்க்கலாம், ஆனால் அந்த நிறம் அதன்பின் 30 அடி இராது. மூன்றாவது நிறத்தில் 8 அடி போயிருந்தால் அதையும் ரீலில் எழுதி ஒட்ட வேண்டும். ஒரே நரம்பில் மூன்று இடங்களில் வெட்டு விழுந்த பிறகு சுருளையே மாற்றிவிடுங்கள். உறை தேய்ந்தால் ஈயத்தூள் சாம்பல் நிறத்தில் விரலில் ஒட்டும். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.