பெரிய வியாழனுக்கு வீட்டுல செடர் விருந்தா, பெசகா அப்பமா?

கடைசி இராப்போஜனத்துக்குப் வேரா இருக்குற பஸ்காவை, அதாவது எகிப்து அடிமைத்தனத்துல இருந்து விடுதலையானதை யூதர்கள் நினைக்குற பண்டிகையை, பிள்ளைங்களுக்குக் காட்டணும், யூதர்கள் மாதிரி செடர்ங்கிற பஸ்கா ராத்திரி விருந்து வைக்கலாமா இல்ல கேரளா நஸ்ரானி (தோமா வழி கிறிஸ்தவர்கள்) வீடுகள்ல பெரிய வியாழன் சாயங்காலம் பண்ற பெசகா அப்பமான்னு நிறைய பேர் குழம்புறாங்க.

செலவு: செடருக்கு மட்சாங்கிற புளிக்காத ரொட்டி, கசப்புக் கீரை, நாலு கிண்ணம் திராட்சரசம்னு லிஸ்ட் நீளும். பெசகாவுக்கு பச்சரிசி, உளுந்து, தேங்காப்பால், வெல்லம் போதும்.

நேரம்: செடர் ராத்திரி வரைக்கும் போகும். பெசகா சீக்கிரம் முடிஞ்சிரும்.

வேர்: இதுதான் முக்கியம். இப்ப இருக்குற செடர் பெரும்பாலும் கி.பி. 70ல எருசலேம் ஆலயம் இடிஞ்சப்புறம் ரபிமார் (யூத மத போதகர்கள்) ஒழுங்குபடுத்துனது, அதனால இயேசு இப்படியேதான் சாப்பிட்டார்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிடாதீங்க. பெசகாவுல புளிக்காத மாவை ஊத்தி, மேல குருத்தோலைல சிலுவை வச்சு அவிச்சு, ஜெபம் பண்ணி வீட்டுப் பெரியவர் பிட்டு ஒவ்வொருத்தர் கையிலயும் கொடுப்பார், பார்க்கவே மனசு நிறையும். பெசகாங்கிற பேரே, பஸ்காவைக் குறிக்கிற எபிரேய வார்த்தை பெசாக்ல இருந்து, நஸ்ரானிகளோட பழைய வழிபாட்டு மொழியான சிரியாக் வழியா வந்தது.

வீட்டு ஜெபத்துக்கு பெசகா பண்ணுங்க. செடரைத் தெரிஞ்சுக்கணும்னா யூதக் குடும்பம் கூப்பிட்டா போய் உக்காந்து கேளுங்க, நாமளே கிறிஸ்தவ அர்த்தம் ஏத்திப் பண்ணா அவங்கள்ல பலருக்கு வலிக்கும்.