ஓம் விதிக் கணிப்பான் செயலி: சில மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பாய்வு

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, மின்திறன் ஆகிய நான்கில் எவையேனும் இரண்டைக் கொடுத்தால் ஓம் விதியைக் (மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை) கொண்டு மற்ற இரண்டையும் கணித்துத் தரும் கைபேசிச் செயலி ஒன்றைச் சில மாதங்களாகப் பழுதுபார்ப்பு வேலைகளில் பயன்படுத்தி வருகிறேன். இணைய இணைப்பு இல்லாமலே இயங்குகிறது, எழுத்துகள் பெரியவை. நேர்திசை மின்சாரத்துக்கும் சூடேற்றும் கருவிகளுக்கும் ஐந்துக்கு நாலரை மதிப்பெண் தருவேன். மோட்டார் உள்ள கருவிகளுக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை.

நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுக்க ஆறு வழிகள் உண்டு. 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுக்கும் ஒரு சுமையை, அதாவது மின்சாரத்தைப் பயன்படுத்தும் கருவியை, வைத்துக்கொண்டு ஆறு வழிகளிலும் சோதித்தேன். ஒவ்வொரு முறையும் 12 வோல்ட், 2 ஆம்பியர், 6 ஓம், 24 வாட் என்ற அதே நான்கு மதிப்புகளுக்கே செயலி வந்து சேர்ந்தது. கணக்கில் குறையேதும் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, மின்தடையை மட்டும் பூட்டி வைத்துவிட்டு மின்னழுத்தத்தை மாற்றிப் பார்க்கும் வசதி. 230 வோல்ட்டில் 2000 வாட் எடுக்கும் சூடேற்றி ஒன்றின் விவரங்களைக் கொடுத்தால் ஏறத்தாழ 8.7 ஆம்பியர், 26.45 ஓம் என்று காட்டுகிறது. அந்தத் தடையைப் பூட்டிவிட்டு மின்னழுத்தத்தை 207 வோல்ட்டுக்கு இறக்கினால் மின்னோட்டம் 7.83 ஆம்பியராகவும் திறன் 1620 வாட்டாகவும் குறைகின்றன. மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் திறனும் பத்து விழுக்காடுதான் குறையும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு, அது பத்தொன்பது விழுக்காடு குறைவதையும், திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதையும் இந்த ஒரு வசதி கண்ணெதிரே காட்டிவிடுகிறது. தண்ணீர் சூடாக ஏன் இவ்வளவு நேரமாகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது இதைத்தான் திறந்து காட்டுகிறேன்.

அலகுகளைக் கையாளும் விதம் கவலை தருகிறது. மின்னோட்டப் பெட்டி எப்போதும் ஆம்பியரில்தான் திறக்கிறது; மில்லிஆம்பியருக்கு மாற்றும் குறி மூலையில் சிறிதாக இருக்கிறது. 2 வோல்ட்டில் 20 மில்லிஆம்பியர் எடுக்கும் எல்.இ.டி. ஒன்றுக்கு அவசரத்தில் 20 என்று மட்டும் தட்டியபோது 0.1 ஓம், 40 வாட் என்று விடை வந்தது. உண்மையில் அது 0.04 வாட் மட்டுமே. ஆயிரம் மடங்கு பிசகிய விடையையும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் காட்டுவது, புதிதாகக் கற்பவரைத் தவறான பாகத்தை வாங்க வைத்துவிடும்.

அதே எல்.இ.டி.யை 12 வோல்ட்டில் எரிய வைக்க வேண்டுமானால், மீதி 10 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் (மின்தடை தரும் சிறு பாகம்) தாங்க வேண்டும். செயலி 500 ஓம், 0.2 வாட் என்கிறது. ஆனால் ரெசிஸ்டர்கள் தயாரிக்கப்படும் வழக்கமான மதிப்புகளில் 500 ஓம் கிடையாது. எளிதில் கிடைப்பவை 470 அல்லது 510 ஓம். 510 ஓம் போட்டால் மின்னோட்டம் 19.6 மில்லிஆம்பியர், ரெசிஸ்டரில் வெப்பமாகும் திறன் 0.196 வாட். கால் வாட் ரெசிஸ்டர் இதைத் தாங்கும் என்றாலும் நல்ல சூடாகிவிடும் என்பதால் நான் அரை வாட்டே போடுகிறேன். கடையில் கிடைக்கும் அருகிலுள்ள மதிப்பைச் செயலியே சொன்னால் நன்றாக இருக்கும்.

விடைகளை ஆறு தசம இடங்கள் வரை காட்டுவதும் சரியல்ல. 3.3 வோல்ட், 0.47 ஆம்பியர் என்று கொடுத்தால் 7.021277 ஓம் என்கிறது. வோல்ட் அளவீட்டில் ஒரு விழுக்காடும் ஆம்பியர் அளவீட்டில் இரண்டு விழுக்காடும் பிழை இருக்கக்கூடிய மல்டிமீட்டரைக் கொண்டு அளந்திருந்தால், தடையில் மூன்று விழுக்காடு வரை, அதாவது ஏறத்தாழ 0.2 ஓம் வரை பிழை வரலாம், 7.0 என்பதற்கு மேல் அந்த அளவீட்டில் நம்பத்தக்க இலக்கம் எதுவும் இல்லை.

இவற்றைவிடப் பெரிய குறை, எந்த வகைச் சுமை என்று செயலி கேட்பதே இல்லை என்பது. 230 வோல்ட், 60 வாட் இழை பல்புக்கு 882 ஓம் என்று விடை தருகிறது. அணைந்திருக்கும் அதே பல்பை மல்டிமீட்டரில் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பல்பும் பழுதில்லை, மீட்டரும் பழுதில்லை: எரியும்போது டங்ஸ்டன் இழை 2000 பாகை செல்சியசுக்கும் மேல் சூடாகி, அதன் தடை பல மடங்கு ஏறிவிடுகிறது. செயலி தருவது எரிந்துகொண்டிருக்கும் நிலையின் தடை. ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் தம் விதியை வெளியிட்டார் என்று உதவிப் பக்கத்தில் எழுதியவர்கள், வெப்பநிலை மாறாதிருந்தால்தான் அது பொருந்தும் என்ற ஒரு வரியையும் சேர்த்திருக்க வேண்டும்.

மோட்டார்களில் நிலைமை இன்னும் மோசம். மாறுதிசை மின்சாரத்தில் 230 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுக்கும் மோட்டாருக்குச் செயலி 460 வாட், 115 ஓம் என்கிறது. அந்த 460 என்பது வோல்ட்-ஆம்பியர், அதாவது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் வெறுமனே பெருக்கிய அளவு. அதில் உண்மையான திறனாகும் பங்கைக் குறிக்கும் திறன் காரணி 0.7 என்றால் மோட்டார் உண்மையில் எடுப்பது 322 வாட் மட்டுமே. 115 ஓம் என்பதும் வெறும் மின்தடை அன்று. சுருளின் தூண்டல் விளைவும் சேர்ந்த மின்னெதிர்ப்பு. திறன் காரணிக்கு ஒரு பெட்டி வைத்திருந்தால் திறன் கணக்காவது சரியாக வந்திருக்கும். அப்படியொரு பெட்டி வரும்வரை மோட்டார், மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றின் திறனை நான் வாட்மீட்டரில் மட்டுமே பார்க்கிறேன்.