849 ரூபாய்ப் பெட்டியும் முப்பது கிலோ வேம்பும்

கோடை விடுமுறையில் பிள்ளைகளைச் செல்போனிலிருந்து பிரிக்க நான் செலவழித்த பணத்துக்குத் தனிக் கணக்கு நோட்டே போடலாம். அந்த வரிசையில் இந்த மே மாதம் வாங்கியது ஒரு மரப்பாலப் பெட்டி. ஆணி வேண்டாம், பசை வேண்டாம், கயிறு வேண்டாம்; குச்சிகளை மாற்றி மாற்றிச் செருகினால் வில் மாதிரி வளைந்து தானே நிற்கும் பாலம். பெட்டிமேல் லியனார்டோ டா வின்சியின் தாடி வைத்த முகம். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. இதே குச்சி, இதே தாடி, நாலைந்து பெயர்களில் இணையத்தில் கிடைக்கிறது. விலை 849 ரூபாய்.

உள்ளே 14 நீளக் குச்சி, 7 குறுக்குக் குச்சி, ஒரு மடித்த தாள். அவ்வளவுதான். நீளக் குச்சி 12 சென்டிமீட்டர், கனம் 6 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. உதிரி ஒன்றுகூட இல்லை. எங்களுக்கு வந்ததில் ஒரு குச்சி காடிக்கு, அதாவது குச்சியில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்கு, பக்கத்திலேயே விண்டிருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். பெட்டியை முழுசாகத் திருப்பி அனுப்பினால்தான் வேறு தருவார்களாம். பிள்ளைகள் அதற்குள் எல்லாவற்றையும் கொட்டி விளையாட ஆரம்பித்தாயிற்று. ஃபெவிகால் தடவி, நூல் சுற்றி, ஒரு ராத்திரி காய வைத்தேன். ஆக, பசையில்லாத பாலத்தில் முதலில் ஏறியது பசை.

அடுத்த குறையைக் கண்டுபிடித்தது மாமா. பெல் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெர்னியர் காலிப்பரைப் பூஜை சாமான் மாதிரி பட்டுத்துணியில் சுற்றி வைத்திருப்பார். குச்சிகளை வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றாக அளந்து, தினக்காலண்டர் தாளின் பின்னால் எழுதினார். 5.6, 6.0, 6.3, 5.8. "இத எங்க இன்ஸ்பெக்‌ஷன்ல கொண்டுபோய் வெச்சிருந்தா மூஞ்சியிலயே வீசியிருப்பான்மா" என்றார். விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு கறார் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. பாலம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றபோதுதான் புரிந்தது. இந்த அமைப்பில் வளைவைத் தீர்மானிப்பதே கட்டையின் கனம்தான். கனம் கூடினால் பாலம் கூன் போடும்; இடது பக்கம் ஒரு கனம், வலது பக்கம் ஒரு கனம் என்றால் முறுக்கிக்கொள்ளும்.

செய்முறைத் தாளைப் பற்றி என்ன சொல்ல? மொத்தம் நாலு படம். மூன்றாம் படத்தில் ஆறு குச்சி. நாலாம் படத்தில் முழுப் பாலம், மேலே ஒரு பொம்மைக் கார். நடுவில் என்ன நடந்தது என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். பெரியவன் எட்டாம் வகுப்பு, சின்னவள் நாலாம் வகுப்பு. இரண்டு பேரும் ஒன்றரை மணிநேரம் அந்தத் தாளோடு மல்லுக்கட்டினார்கள். கடைசியில் மாமியார் காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்து, "கீத்து முடையிற மாதிரிதானே இருக்கு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். உதவிக்கெல்லாம் வரவில்லை. ஆனால் தாளில் இருந்திருக்க வேண்டிய வரி அதுதான்.

நானே எழுதிவிடுகிறேன், வாங்குகிறவர்களுக்கு உதவும். ஒவ்வொரு நீளக் குச்சியும் தன் இரண்டு முனையிலும் ஒரு குறுக்குக் குச்சியின் மேல் உட்கார வேண்டும்; நடுவில் இன்னொரு குறுக்குக் குச்சியைத் தன் முதுகில் தாங்க வேண்டும். முனை மேலே, நடு கீழே. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். ஒரு குச்சியின் முனை பக்கத்துக் குச்சியின் நடுவை அமுக்க, அதன் முனை இதன் நடுவை அமுக்க, மேலே பாரம் ஏற ஏறப் பிடி இறுகும். விதி தெரிந்தபிறகு சின்னவள் பத்தே நிமிடத்தில் கட்டிவிட்டாள். ஒன்றரைச் சாண் நீளத்துக்குப் பாலம் நின்றது. ஒரு கிலோ துவரம்பருப்புப் பாக்கெட்டை வைத்தோம், தாங்கியது. இரண்டாவது பாக்கெட்டில் குறுக்குக் குச்சி ஒன்று வழுக்கி மொத்தமும் சரிந்தது. காரணம் பளபளப்புக்காகக் குச்சியெல்லாம் அடித்திருந்த வார்னிஷ். உராய்வை நம்பி நிற்கிற சாமானுக்கு வார்னிஷ் அடிக்க யாருக்குத் தோன்றியதோ! உப்புத்தாள் போட்டுத் தொடுகிற இடத்தையெல்லாம் தேய்த்தபின் மூன்று கிலோ வரை தாங்கியது.

தாளின் பின்பக்கம் 'உலகின் முதல் தானே தாங்கி நிற்கும் பாலம்' என்று அச்சடித்திருந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. லியனார்டோ வரைந்தது உண்மை. மிலான் நகர அம்புரோசியானா நூலகத்தில் இருக்கும் அவருடைய குறிப்புகளின் தொகுப்பான அட்லாண்டிகஸ் சுவடியில் அந்தப் படங்கள் உள்ளன. மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்திலும் முதல் அயிட்டமே பாலம்தான்: லேசான, உறுதியான, தூக்கிப்போகக்கூடிய பாலங்கள் செய்யத் தெரியும், எதிரியைத் துரத்தவும் உதவும், தேவைப்பட்டால் தப்பி ஓடவும் உதவும் என்கிறார். ஓவியம் வரையத் தெரியும் என்பது கடைசியில்தான் வரும். நம் ஊரில் பயோடேட்டா எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய வரிசை. ஆனால் அவர் பிறந்தது 1452. அதற்கு 300 வருஷம் முன்பே, 12-ஆம் நூற்றாண்டில், சாங் சதுவான் என்ற சீன ஓவியர் ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான பட்டுச்சுருளில் இன்றைய கைஃபெங் நகரத்து ஆற்றை வரைந்திருக்கிறார். அதில் தூணே இல்லாமல் கட்டைகளைப் பின்னி எழுப்பிய வானவில் பாலம் ஒன்று ஜனக்கூட்டத்தோடு நிற்கிறது. ஃபுஜியான், செஜியாங் மாகாணங்களில் பின்னல் வளைவுப் பாலங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றைக் கட்டும் கலை அழிந்துவிடக்கூடாது என்று 2009-இல் யுனெஸ்கோ அவசரப் பட்டியலில் சேர்த்தது. 98 மீட்டர் நீளமான வான்ஆன் பாலம் 2022-இல் எரிந்தே போனது. இவ்வளவும் வேண்டாம், இரண்டு வரி போட்டிருக்கலாம். அந்த இடத்தில்தான் பொம்மைக் காரைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

சரி, பெட்டியோடு கதை முடியவில்லை. "நாம ஏறி நடக்கிற மாதிரி கட்டலாமா?" என்று பெரியவன் கேட்டான். வழக்கமாக இப்படிப்பட்ட கேள்விக்கு "பார்க்கலாம்" என்று சொல்லிக் கழற்றிவிடுவேன். மாமா அதற்குள் காலண்டர் தாளைத் திருப்பிவிட்டார். நாலடி நீளத்தில் பத்துக் கட்டை, மூன்றடியில் ஐந்து குறுக்குக்கட்டை. எல்லாம் இரண்டுக்கு இரண்டு அங்குலம்.

மரம் வாங்கிய கதையும் இந்த விமர்சனத்தில் சேரும். திருச்சியில் மரக்கடை என்றால் ஆட்டோக்காரர் காந்தி மார்க்கெட் பக்கம் வண்டியைத் திருப்பிவிடுவார். அது ஏரியாவின் பெயர். நாங்கள் போனது திருவெறும்பூர் போகும் வழியில் ஒரு சின்ன மரவாடி. எனக்குச் சவுக்குதான் மனதில். சாரம் கட்டுகிற சாமான், விலையும் குறைவு, லியனார்டோவும் காட்டில் வெட்டிய உருட்டுக்கட்டையைத்தானே நினைத்திருப்பார் என்று ஒரு ஞாயம் வேறு. கடைக்காரர் எதுக்கு என்று கேட்டார். பாலம் கட்ட என்றதும் சிரிக்காமல், "ஆணி இல்லாமயா? அப்ப சவுக்கு ஆகாதுக்கா. அடி ஒரு கனம், நுனி ஒரு கனம். கோணிக்கும்" என்றார். மாமா முகத்தில் அப்படி ஒரு திருப்தி. வெர்னியர் இல்லாமலே அதே பதில்.

வேம்பு எடுத்தோம். மொத்தம் 55 அடி ஓட்டம். பதினைந்து கட்டையையும் அளவுக்கட்டை வைத்து நீளம் பிசகாமல் அறுத்துக் கொடுத்தார். இழைக்க வேண்டாம், இழைத்தால் வழுக்கும் என்று அவரே சொன்னார். வார்னிஷ் அடித்தவர்கள் இவரிடம் ஒரு வாரம் உட்கார்ந்து படிக்கலாம். அறுப்புக்கூலியோடு 1,900 ரூபாய். குறை ஒன்றுதான். பதினொரு மணிக்குத் தருகிறேன் என்றவர் நாலு மணிக்குத்தான் தந்தார். வெயிலில் நின்ற நேரமெல்லாம் வேப்பந்தூள் உதட்டில் ஒட்டி, அன்று ராத்திரி சாப்பிட்ட ரசம் வரைக்கும் கசந்தது.

காடி எடுக்கிற வேலை வீட்டுக்காரருக்கும் பெரியவனுக்கும். நடுவில் மேல்முகத்தில் அரை அங்குல ஆழம், இரண்டு முனையிலும் கீழ்முகத்தில் அதே ஆழம். ரம்பத்தால் இரண்டு கோடு, உளியால் நடுவைப் பெயர்த்தால் ஆயிற்று. ஐந்தாவது கட்டையில் பெரியவன் மூன்று காடியையும் ஒரே முகத்தில் எடுத்துவிட்டான். மாமா கத்துவார் என்று எதிர்பார்த்தோம். கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முனைகளுக்கு எதிர்முகத்திலும் காடி எடுக்கச் சொன்னார். எலும்புக்கூடு மாதிரி ஆகிவிட்ட அந்தக் கட்டையைத்தான் ஓரத்தில் கடைசி ஜோடியில் ஒன்றாகப் போட்டோம்.

மொட்டைமாடியில் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். ஏழரைக்கு மேல் தரையில் கால் வைக்க முடியாது. பெட்டியில் கட்டும்போது தெரியாத விஷயம் ஒன்று இங்கேதான் தெரிந்தது. நடு ஜோடியை வைத்து, இரண்டு பக்கமும் அடுத்த ஜோடியைச் செருகுவது வரை சுலபம். அதற்கப்புறம் ஒவ்வொரு ஜோடி சேர்க்கவும் அந்தப் பக்கத்தை முழுசாகத் தூக்க வேண்டும். ஒருவர் தூக்கிப் பிடிக்க, ஒருவர் குறுக்குக்கட்டையை அடியில் உருட்டிவிட, ஒருவர் நீளக்கட்டையை அதற்கும் கீழே நுழைத்து அதன் முனையை முந்தைய குறுக்குக்கட்டையின் மேல் ஏற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் நகராமல் ஒருவர் காலால் மிதித்துக்கொள்ள வேண்டும். சேர்க்கச் சேர்க்கப் பாலம் தரையிலிருந்து எழும்பும், பாரமும் கூடும். மொத்தம் முப்பது கிலோ வரும். கையை விட்டால் விரல் நசுங்கும். பெட்டியில் 'ஒருவர் விளையாடலாம்' என்று போட்டிருக்கிறது. 12 சென்டிமீட்டர் குச்சிக்கு அது சரி. நாலடிக் கட்டைக்கு நாலு பேர் வேண்டும். எங்கள் வீட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் ஒரே வேலையில் கை வைத்தது கடைசியாக எப்போது என்று நினைத்துப் பார்த்தேன், வீடு மாறியபோது பீரோ தூக்கியதுதான்.

கடைசிக் கட்டை உட்கார்ந்ததும் மாமா கையை எடுக்கச் சொன்னார். 'டக்' என்று ஒரு சத்தம். அரை அங்குலம் இறங்கி, பாலம் நின்றுவிட்டது. ஒன்பதே முக்கால் அடி நீளம், நடுவில் இரண்டேகால் அடி உயரம். அந்த 'டக்'கை இன்னொரு முறை கேட்பதற்காகவே சின்னவள் அன்றைக்கு மூன்று முறை பிரித்துக் கட்ட வைத்தாள்.

முதலில் ஏறியதும் அவள்தான், 24 கிலோ. குறுக்குக்கட்டைகளை ஏணிப்படி மாதிரி பிடித்துத் தவழ்ந்து போனாள். இறங்கும்போது பாலம் காலை அகட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. விழுந்தது அவள் மேல் இல்லை, நல்லவேளை. மாமியார் முதல் நாள் பிழிந்து காயப்போட்டிருந்த கூழ்வத்தல் மேல். சின்னவள் சிரிக்கிறாள், என் உயிர் என்னிடத்தில் இல்லை. மாமியார் எதுவும் பேசவில்லை. அது கத்துவதைவிட மோசம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பெட்டிக்காரர்மேல் எனக்கு நிஜமான கோபம் வந்தது அப்போதுதான். வளைவுப் பாலம் பாரத்தைக் கீழே மட்டும் தள்ளாது, காலை வெளிப்பக்கமாகவும் தள்ளும். மேஜைவிரிப்பின் மேல் அது தெரியாது. மழமழவென்ற தரையில் தெரியும். அட்டையில் 'பெரிதாகவும் கட்டிப் பாருங்கள்' என்று உசுப்பேற்றுகிறவர்கள், கால்களுக்கு முட்டுக் கொடுங்கள் என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். நாங்கள் அப்புறம் ஒரு பக்கக் கால்களைக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்து, மறுபக்கம் இரண்டு மணல் மூட்டையை அணைவாகப் போட்டோம். அதன்பின் 41 கிலோ பெரியவன் நின்றான், 62 கிலோ நான் நின்றேன், அசையவில்லை. வீட்டுக்காரரை மட்டும் மாமா ஏற விடவில்லை. எத்தனை கிலோ என்று இங்கே எழுத எனக்கும் அனுமதி இல்லை.

நட்சத்திரம் கேட்டால், பெட்டிக்கு ஐந்துக்கு இரண்டரை. பின்னலைப் புரிந்துகொள்ள உதவியது, அதற்காக அந்த இரண்டரை. கையில் ஐஸ்குச்சி கட்டு இருந்தால் அதிலேயே பழகிவிட்டு 849 ரூபாயை மரத்தில் போடலாம், வழுக்கவும் வழுக்காது. மரவாடிக்கு நாலரை, மீதி அரை அந்த ஐந்து மணிநேரத்துக்கு. பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை மட்டும் கட்டை தூக்குகிற இடத்தில் நிறுத்தாதீர்கள், உருட்டிவிடுகிற வேலையைக் கொடுங்கள்.

கட்டைகளெல்லாம் இப்போது மாடிப்படிக்குக் கீழே அடுக்கியிருக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் சிநேகிதர்கள் வந்தார்கள் என்று எடுத்தால், குறுக்குக்கட்டை நாலுதான் இருக்கிறது. ஐந்தாவது கொல்லையில் குலை தள்ளிய வாழைக்கு முட்டாக நிற்கிறது. மாமியாரிடம் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை, கூழ்வத்தல் கணக்கு இன்னும் நேராகவில்லை. மரம் அறுக்கப் போகிறவர்கள் மூன்றடிக் கட்டையில் ஒன்று கூடுதலாகச் சொல்லிவிடுங்கள்.