காரைக்குடியிலிருந்து போன ஆம்பூல்கள்: ஒரு துகள் பரிசோதனைக் கூடத்தைப் பற்றி

காரைக்குடிக்கு வெளியே இயங்கும் எங்கள் சிறிய ஊசி மருந்துத் தொழிற்கூடத்தில் துகள் எண்ணும் கருவி இல்லாததால், 2 மி.லி. ஆம்பூல்களை (மருந்து நிரப்பி மூடிய சிறு கண்ணாடிக் குப்பிகளை) பேட்ச் தோறும் சென்னையிலுள்ள ஒரு தனியார் ஆய்வுக்கூடத்துக்கு ஓராண்டாக அனுப்பி வருகிறோம். அவர்கள் செய்த பிழை ஒன்றையும் எழுத வேண்டியிருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

கறுப்புப் பின்னணியில் ஐந்து நொடி, வெள்ளைப் பின்னணியில் ஐந்து நொடி என ஆம்பூலைத் திருப்பிப் பார்க்கும் சோதனையை எங்கள் பணியாளர்களே செய்துவிடுகிறார்கள். ஆனால் கண்ணாடிச் சில்லாயினும் துணி நாராயினும் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருந்தால் எந்தக் கண்ணுக்கும் தென்படாது. மருந்தை மெல்லிய வழியே செலுத்தி, குறுக்கே பாயும் ஒளியைத் துகள் மறைக்கும் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கொள்ளும் கருவிதான் வேண்டும். அமெரிக்க மருந்து நூலின் 788ஆம் அத்தியாயப்படி, 100 மி.லி.க்கு மேற்படாத கலமொன்றில் 10 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 6,000க்கும், 25 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ளவை 600க்கும் மிகக் கூடாது. மி.லி. கணக்கல்ல, கலக் கணக்கு என்பதால் சிறிய ஆம்பூலுக்கு இது தாராளமான வரம்பென்றே நான் நினைப்பேன். அதிலும் ஒரு பேட்ச் தேறவில்லை என்று சித்திரையில் ரிப்போர்ட் வந்தபோது திகைத்துப் போனோம்.

ரிப்போர்ட்டில் 25 மைக்ரான் வரிசையில் 628 என்ற சராசரி மட்டுமே இருந்தது. வற்புறுத்திக் கேட்ட பிறகு கிடைத்த அளவீடுகள் 1,840, 236, 221, 215. ஆம்பூல்களை உடைத்து ஒன்றுசேர்த்த மருந்தை, 5 மி.லி.க்குக் குறையாத நான்கு பங்குகளாக அளந்து, முதல் பங்கின் எண்ணிக்கையைத் தள்ளிவிட்டு மற்ற மூன்றுக்கே சராசரி காண வேண்டும் என்பது விதி. இவர்களோ நான்கையும் கூட்டி வகுத்திருந்தார்கள். முதல் பங்கு அவ்வளவு எகிறியதற்குக் காற்றுக் குமிழிகளே காரணமாக இருக்க வேண்டும்: மருந்தைக் கலக்கிய பின் சற்று நேரம் அசையாமல் வைக்காவிட்டால், குமிழியையும் கருவி துகளென்றே எண்ணும்.

ஆய்வாளர் மழுப்பாமல் ஒப்புக்கொண்டார். இரண்டே நாளில் 224 என்று திருத்திய ரிப்போர்ட் வந்தது, கூடுதல் கட்டணமும் இல்லை. அந்த நேர்மைக்காகவே கூடத்தை மாற்றவில்லை.

நான் மிகவும் மதிப்பது வேறொன்று. துகளற்ற நீரை 5 மி.லி. வீதம் ஐந்து தடவை எண்ணி, அந்த 25 மி.லி.யில் 10 மைக்ரானும் அதற்கு மேலுமான துகள் 25க்கு மேல் இருந்தால் அந்தச் சூழலே சோதனைக்கு உதவாது. அந்த எண்ணிக்கையை ஒவ்வொரு ரிப்போர்ட்டுடனும் கேட்காமலே இணைத்துத் தருகிறார்கள். எங்கள் ஊர்ச் செம்மண் தூசி அட்டைப்பெட்டிக்குள்ளும் ஏறிவிடும் என்பதால், உடைப்பதற்கு முன் ஆம்பூலின் வெளிப்புறத்தைக் கழுவிய விவரத்தையும் பதிவு செய்கிறார்கள்.

குறையென்றால், மாதிரி வாங்கிப்போக ஆள் காரைக்குடி வரை வருவதில்லை. விடிகாலைப் பல்லவன் எக்ஸ்பிரஸில் பெட்டியோடு எங்கள் ஆளையே ஏற்றிவிட வேண்டியிருக்கிறது. நான்கு அளவீடுகளையும் ரிப்போர்ட்டிலேயே அச்சிட வேண்டும் என்று ஆர்டரில் எழுதிய பிறகு எங்களுக்கு அப்படியே தருகிறார்கள். கேட்காதவர்களுக்கு இன்னமும் சராசரி மட்டும்தான் போகிறதாம்.