வளைவில் வாலாட்டிய பைக்: 47,000 கிலோமீட்டர் அனுபவம்

வண்டியின் பெயரை எழுதப் போவதில்லை. 300 சிசி, இரட்டை சிலிண்டர், முழு ஃபேரிங், பின்னால் லிங்கேஜ் வைத்த மோனோஷாக் (ஒற்றை ஷாக் அப்சார்பர். அதை, பின் சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்மோடு சேர்க்கும் நெம்பு இணைப்புதான் லிங்கேஜ்). இவ்வளவு போதும். கோளாறு கம்பெனி செய்ததல்ல, பெரும்பாலும் நான் செய்தது.

நான்கரை வருடத்தில் 47,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் கோவையிலிருந்து அவிநாசி சாலை வழியாகத் திருப்பூர் போய் வருவது வேலைக்காக. மாதத்தில் ஒரு ஞாயிறு ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறுவது எனக்காக. 40 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையில்தான் வண்டிக்குக் கொடுத்த காசு வசூலானது. இன்ஜின், கியர், பிரேக் எதிலும் குறையில்லை, அதையெல்லாம் பலர் எழுதியாயிற்று. 31,000 கி.மீ. வாக்கில் தொடங்கிய ஒரு தொல்லையும், அதன் காரணத்தைத் தேடி நான் அலைந்த நான்கு மாதமும்தான் இங்கே விஷயம்.

வால்பாறையிலிருந்து இறங்கும்போது முதலில் கவனித்தேன். அகலமான இடது வளைவு, வேகம் 55 இருக்கும். நடு வளைவில் தார் ஒட்டுப்போட்ட இடத்தைத் தாண்டியதும் பின் சக்கரம் வாழைப்பழத் தோலை மிதித்த மாதிரி வெளியே நழுவியது. பிறகு வண்டி மொத்தமும் இரண்டு மூன்று முறை மெதுவாக அசைந்து அடங்கியது. ஹேண்டில் படபடவென்று அடிக்கவில்லை. அப்படி அடித்திருந்தால் முன்பக்கத்தை, ஸ்டீயரிங் பேரிங்கைச் சந்தேகப்பட்டிருப்பேன். இது நிதானமான ஆட்டம், இடுப்புக்குக் கீழே தெரிகிற ஆட்டம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தியதும் போனில் மூன்று விஷயம் குறித்துக்கொண்டேன். ஆட்டம் மேடுபள்ளத்தில் வந்ததா, ஆக்சிலரேட்டரைத் திருகும்போதோ விடும்போதோ வந்ததா, வழுவழுப்பான சாலையிலும் வந்ததா. பட்டறையில் போய் "பின்னாடி ஆட்டுது" என்று மட்டும் சொன்னால் ஆளுக்கொரு பாகத்தை மாற்றச் சொல்வார்கள். எனக்கும் அதுதான் நடந்தது. ஒரு இடத்தில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் ஷாக் போய்விட்டது என்றார்கள். வெளிநாட்டு ஷாக் ஒன்றுக்கு 28,000 ரூபாய் விலை சொன்னார்கள். பணம் அனுப்பப் போன் வரைக்கும் கையில் எடுத்துவிட்டேன். மாதக் கடைசியாக இருந்ததால் தப்பித்தேன்.

சரி, காசு செலவாகாத இடத்திலிருந்து தொடங்கலாம் என்று காற்றைப் பார்த்தேன். கையேட்டில் பின் டயருக்கு 32 பிஎஸ்ஐ. காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது என் சொந்த மீட்டரில் பார்த்தால் 41! பஞ்சர் கடையில் "கூட வச்சா மைலேஜ் வரும்" என்று சொல்லி அடித்துவிட்டது, கடை மீட்டரும் பொய் சொல்கிறது. 32க்குக் குறைத்ததும் கொஞ்சம் நிம்மதி. ஆனாலும் ஆட்டம் போகவில்லை.

அடுத்து டயர். 14,000 கி.மீ. ஓடிய டயரில் நேர்ச்சாலையிலேயே தேய்ந்து நடுப்பகுதி சப்பையாகியிருந்தது. உள்ளங்கையை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவினால் ஒரு விளிம்பு கையில் தட்டியது. இப்படிச் சதுரமான டயர், சாய்க்கும்போது முதலில் முரண்டு பிடிக்கும், விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழும். பட்டன் ஆழம் போதுமான அளவு இருந்ததால் நான் அதை நல்ல டயர் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். ஆழத்தை மட்டுமல்ல, வடிவத்தையும் பார்க்க வேண்டும் என்று அன்றுதான் உறைத்தது.

புது டயர் வாங்கப் போனபோது நண்பன் 160 அகலத்தில் போடச் சொன்னான், பார்க்க கெத்தாக இருக்குமாம். என் ரிம் 4 அங்குலம், அதற்குரியது 140. குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் இரண்டு பக்கமும் இறுகி அதன் வளைவே மாறிப்போகும். அதே 140ஐயே போட்டேன். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியையும் பார்த்தே வாங்கினேன், முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். சாய்க்கும்போது விழுகிற குணம் அன்றே போனது.

ஆனால் மேட்டில் ஆடுவது முன்பைவிட மோசமானது! புது டயர், சரியான காற்று, இருந்தும் ஏன்? டயர் மாற்றியவர் செயினை வீணைத் தந்தி மாதிரி இழுத்து முறுக்கியிருந்தார். செயின் அவ்வளவு இறுக்கமாக இருந்தால், மேட்டில் ஏறும்போது ஸ்விங் ஆர்ம் மேலே போகவே இடமில்லை, செயினே பிடித்து நிறுத்திவிடும். கையேட்டில் சொன்ன தளர்வுக்குக் கொண்டுவந்தேன். ஸ்விங் ஆர்மில் இருக்கும் கோடுகளை நம்பாமல், கொத்தனார் சுவருக்குப் பிடிப்பது போல இரண்டு டயருக்கும் பக்கவாட்டில் நூல் பிடித்து சக்கரம் நேராக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். ஒரு கோடு அளவுக்குக் கோணல் இருந்தது. அதைத் திருத்தியதும் பழைய நிலைமைக்கு வந்தேன், அதாவது பழைய ஆட்டத்துக்கு.

இப்போது குறிப்பேட்டில் ஒரே விஷயம்தான் மிச்சம்: வழுவழுப்பான வளைவில் ஒன்றுமில்லை, மேடுபள்ளம் வந்தால் மட்டும் ஆட்டம். ஆக்சிலரேட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதனால் செயின் இழுப்பின் உலுக்கலைத் தாங்க ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்களை விட்டுவிட்டேன். சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஸ்விங் ஆர்ம் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் சக்கர பேரிங், ஸ்விங் ஆர்மும் சேர்ந்து சேஸிஸை விட்டு ஆடினால் ஸ்விங் ஆர்ம் சேஸிஸோடு சேரும் இடத்துப் பேரிங். இரண்டுமே கெட்டியாக இருந்தன.

அப்புறம்தான் சேக் (sag), அதாவது ஆள் ஏறியதும் பின்பக்கம் இறங்கும் அளவை, அளந்தேன். நான் முழு ரைடிங் கியரோடு மேலே உட்கார, மச்சான் முன்னால் பிடிக்க, பக்கத்து வீட்டுப் பையன் டேப்போடு பின்னால் நின்றான். முதலில் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது, சக்கர அச்சிலிருந்து வால்பகுதியில் ஒட்டிய டேப் வரை ஒரு அளவு. பிறகு நான் உட்கார்ந்தபின் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு தடவை அளந்தால் போதாது. வாலை அழுத்தி மெதுவாக விட்டு ஒன்று, வாலைத் தூக்கி மெதுவாக விட்டு இன்னொன்று. அழுத்தி விட்டபோது 42 மி.மீ. இறக்கம். தூக்கி விட்டபோது 26. சராசரி 34. ஸ்போர்ட் பைக்குக்கு 30 முதல் 40 வரை என்றுதான் சொல்வார்கள், ஆக சராசரி அளவு அச்சு அசலாகச் சரி. ஆனால் இரண்டுக்கும் நடுவில் 16 மி.மீ. வித்தியாசம்! அழுத்தினால் கீழேயே நிற்கிறது, தூக்கினால் மேலேயே நிற்கிறது என்றால் உள்ளே எதுவோ பிடிக்கிறது. ஆயில் போன ஷாக் இப்படி நிற்காது, தறிகெட்டுத் துள்ளும்.

சிங்காநல்லூர் பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்கு இந்த எண்களோடு போனேன். அண்ணன் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, வண்டியைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, ஷாக்கின் கீழ் போல்ட்டை மட்டும் கழற்றினார். "சாக்கப்சர் மேல பழி போடறதுக்கு முன்னாடி இதக் கையில தூக்கிப் பாருங்க தம்பி" என்றார். ஸ்விங் ஆர்மைச் சக்கரத்தோடு பாதி உயரத்துக்குத் தூக்கி விட்டேன். தன் எடையில் தொப்பென்று விழ வேண்டியது, விட்ட இடத்திலேயே நின்றது.

"அண்ணா, இது விழவே மாட்டேங்குது."

"எப்படிங்க விழும்? வாட்டர் சர்வீஸ் எங்க விடறீங்க?"

லிங்கேஜைப் பிரித்தபோது ஊசி பேரிங்குகள் இருந்த இடத்தில் செங்கல் பொடி மாதிரித் துரு. பேரிங்குக்குள் இருக்கும் ஸ்லீவ் குழாயில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கோடுகள். மாதம் இரண்டு முறை வாட்டர் சர்வீஸ் விட்டதும், "அந்த ஷாக் இடுக்குல நல்லா அடிங்க, சேறு இருக்கு" என்று தண்ணீர் கன்னை நேராகக் காட்டச் சொன்னதும் நான்தான். அந்த அழுத்தத்தில் தண்ணீர் சீலைத் தாண்டிப் போய் கிரீஸைக் கழுவிவிட்டது. பேரிங், ஸ்லீவ், சீல் எல்லாம் 3,400 ரூபாய், கூலி 1,500.

இது ஏன் வளைவில் மட்டும் தெரிந்தது? சாய்ந்திருக்கும்போது ஸ்பிரிங் மேல் சுமை கூடும், 45 டிகிரி சாய்ந்தால் நேராக இருப்பதைப்போல் 1.4 மடங்கு. (ரேஸ் டிராக்கில் சாய்பவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு, நான் அதில் பாதி சாய்ந்தாலே பெரிது.) சாய்ந்த வண்டி மேட்டில் ஏறும்போது, பின் சக்கரம் மேலே ஏறி மறுபடி சாலையைப் பின்தொடர்ந்து இறங்க வேண்டும். லிங்கேஜ் பிடித்துக்கொண்டால் அது இறங்கத் தாமதமாகும். அந்த நொடியில் டயர் மேல் பாரமில்லை, பக்கவாட்டில் நழுவுகிறது. திரும்பப் பிடி கிடைத்ததும் வண்டி உலுக்கி அடங்குகிறது. நேர்ச்சாலையில் இதே மேடு வெறும் "டக்" என்ற குத்தலோடு போய்விடும்.

என் பங்குக்கு நானும் ஒரு தப்பு செய்துகொண்டிருந்தேன். பின்பக்கம் நழுவியதும் பயந்து ஆக்சிலரேட்டரை முழுதாக மூடிவிடுவேன். எடை முன்னால் போய், ஏற்கெனவே லேசான பின் சக்கரம் இன்னும் லேசாகும். இதைக் கைவிட பேரிங் மாற்றியதைவிட அதிக நாள் பிடித்தது.

தொல்லை தொடங்கி இப்போது 16,000 கி.மீ. ஆகிவிட்டது. அந்த இடது வளைவில் ஒட்டுப்போட்ட இடம் இப்போது இன்னும் மோசமாக இருக்கிறது, வண்டி கவலைப்படுவதில்லை. சேக் வித்தியாசம் 3 மி.மீ.க்குள் நிற்கிறது, அளவுகளைச் சீட்டுக்கு அடியில் ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் லிங்கேஜைப் பிரித்து கிரீஸ் வைக்கிறோம், பாதி நாள் வேலை. கழுவுவது வாளியும் துணியும்தான்.

முழுக்கத் தீர்ந்துவிடவும் இல்லை. சமீபமாக மனைவி பின்னால் உட்கார்ந்தால் ஸ்பீடு பிரேக்கருக்குப் பிறகு வண்டி இரண்டு முறை குதிக்கிறது. இந்த முறை உண்மையிலேயே ஷாக் ஆயில்தான் என்று அளவுகள் சொல்கின்றன. அடுத்த மாதம் கழற்றி சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும். அதுவரை அவள் ஏறும் நாட்களில் ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவை) இரண்டு படி ஏற்றிவிட்டு, மெதுவாகப் போகிறேன்.