பவர் பேங்க் என்று மணலை விற்றுவிட்டார்கள்

புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் பவர் பேங்க் வாங்கலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். அங்கே கடை போடுகிற எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டுத் துணிமணியில் பாதி காந்தி வீதியில் பேரம் பேசி வாங்கியதுதான். ஒரு குறையும் இல்லை. ஆனால் சட்டையை விரித்துப் பார்த்து வாங்கலாம். பவர் பேங்கை அப்படிப் பார்க்க முடியாது.

2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. வங்கக்கடலில் ஏதோ உருவாகிறது என்று செய்தியில் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். கடலூர்க்காரனுக்கு அது போதும், வயிற்றைக் கலக்கும். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் எங்கள் ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் நின்ற கம்பங்களை எண்ணிவிடலாம். பதினோரு நாள் கரண்ட் இல்லை. அப்போது எங்களைக் காப்பாற்றியது நாலு பென்சில் பேட்டரி போடுகிற ஒரு எமர்ஜென்சி சார்ஜர். சோப்பு டப்பா அளவு, நோக்கியா போனின் சின்னப் பின். பேட்டரி தீர்ந்தால் மூடியைத் தள்ளி வேறு நாலு போட வேண்டியதுதான். பெட்டிக்கடையில் பேட்டரி இருந்தவரை தெருவில் பாதிப் பேர் அதில்தான் சார்ஜ் ஏற்றினார்கள். அன்றைய போன் பேட்டரி ஆயிரம் எம்.ஏ.எச். (பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதன் அளவு) இருந்தால் அதிகம், அதற்கு அது தாங்கியது. முக்கியமாக, உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

இப்போது என் போன் பேட்டரியே 5000 எம்.ஏ.எச். அந்த டப்பா ஆகாது. அதனால்தான் பவர் பேங்க் தேடினேன்.

நீலத் தார்பாய் விரித்த ஒரு கடை. இயர்போன், கேபிள், டார்ச் லைட் எல்லாம் குவியலாகக் கிடந்தன. அட்டையில் 20000 எம்.ஏ.எச்., எம்.ஆர்.பி. 3,999 ரூபாய். கடைக்காரர் சொன்னது 900.

"நாலு தடவை ஃபுல் சார்ஜ் ஏறும் சார். புயல் வருதுன்னு காலைலேர்ந்து இருபது பீஸ் போயிடுச்சு."

என் போனைச் செருகிக் காட்டினார். மின்னல் குறி வந்தது. பவர் பேங்கின் சின்னத் திரையில் 100 என்று நீல எழுத்து எரிந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன், கனமாகத்தான் இருந்தது. 700 ரூபாய்க்கு முடித்து ஜிபே செய்தேன். பில் கேட்டதற்குச் சிரித்தார். நானும் கூடவே சிரித்தேன் பாருங்கள், அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

வீட்டில் ஒரு தடவை முழுதாகச் சோதித்திருக்க வேண்டும். புயலுக்கென்று பத்திரமாக அலமாரியில் வைத்துவிட்டேன்.

நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. எங்கள் தெருவில் சாயங்காலமே கரண்ட் போனது. போனை அளந்து அளந்துதான் பயன்படுத்தினோம். கையில்தான் 20000 இருக்கிறதே என்ற தைரியம் வேறு. ஞாயிறு ராத்திரி 12 சதவீதம் வந்ததும் பவர் பேங்கைச் செருகினேன். அதன் திரையில் 100. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் 100. போனில் 31 சதவீதம் ஆனபோது அந்த நீல எழுத்து 99, 98 என்றெல்லாம் இறங்கவில்லை, பட்டென்று அணைந்தது. பொத்தானை எத்தனை தடவை அழுத்தியும் உயிர் வரவில்லை.

அந்த 31-உம் மறுநாள் காலையில் தீர்ந்தது. டிசம்பர் 2, திங்கள். சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டதில் தென்பெண்ணையில் வெள்ளம் பெருக்கெடுத்து வந்த நாள். என் அக்கா வீடு குண்டு உப்பலவாடிப் பக்கம். ஆற்றோரத் தெருக்களில் தண்ணீர் ஏறிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார். அக்கா நம்பர் எனக்கு மனப்பாடம் கிடையாது, அது செத்துக்கிடந்த போனுக்குள் இருந்தது. மத்தியானம் மாமா அக்காவையும் பசங்களையும் கூட்டிக்கொண்டு, இடுப்புவரை நனைந்து, எங்கள் வாசலில் வந்து நின்றார். "எத்தன தடவடா அடிக்கிறது? சுவிட்ச் ஆஃப்னே வருது" என்று அக்கா கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கரண்ட் வந்த பிறகு அந்தப் பவர் பேங்கை ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டேன். மறுபடியும் அதே கதைதான். மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மொபைல் மெக்கானிக் தம்பியிடம் கொண்டுபோனேன். அவர் திறக்கும் முன்னாலேயே தராசில் வைத்தார். 250 கிராம்.

"அண்ணே, இந்த மாதிரி உருளை செல் ஒண்ணு 45 கிராம் இருக்கும். 2500 எம்.ஏ.எச். செல்னு வெச்சாலும் இருபதாயிரத்துக்கு எட்டு செல் வேணும். செல்லு மட்டுமே 360 வரணும். திறக்காமலே சொல்லிடலாம், இது டூப்பு."

சொன்னாலும் திறந்தார். உள்ளே ஆறு செல். நீல உறை போட்டு, வரிசையாக, பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தன. ஆனால் கம்பி பற்றவைத்தது ஒன்றில் மட்டும்தான். மற்றதில் ஒன்றை எடுத்துக் காதோரம் ஆட்டினார், சலசல என்றது. உறையைக் கிழித்து, முனையிலிருந்த தகட்டை நெம்பினார். அவர் மேசையில் விரித்திருந்த பச்சை ரப்பர் பாயில் மணல் கொட்டியது. பொடி மணல், ஈரமே இல்லாமல் சலித்தது. "தேவனாம்பட்டினம் பீச்சுல அள்ளுனதா இருக்குமோ" என்று கடையில் நின்ற ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். ஐந்து செல்லிலும் மணல்தான். கனத்துக்காகப் போட்டது. கையில் வாங்கி எடை பார்த்த என்னைப் போன்ற புத்திசாலிகளுக்காக.

உண்மையான அந்த ஒரு செல்லும் புதிதில்லையாம். பழைய லேப்டாப் பேட்டரியில் இருந்து உருவியது, ஆயிரத்துச் சொச்சம் எம்.ஏ.எச்.தான் தேறும் என்றார். அளவு மீறி சார்ஜ் ஏறினால் துண்டிக்கிற பாதுகாப்பு சர்க்யூட்டும் இல்லை. ராத்திரி முழுக்கத் தலைமாட்டில் சார்ஜ் போட்டிருந்தேன் என்றபோது அவர் சிரிக்கவில்லை. லித்தியம் செல் சூடேறித் தீப்பிடித்தால் சாமானியத்தில் அடங்காது. நீங்களாகத் திருகுளி எடுத்துத் திறக்காதீர்கள், செல்லில் ஓட்டை விழுந்தாலும் அதே ஆபத்துதான். குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது, மின்கழிவு எடுப்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு விஷயம் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அசல் பவர் பேங்க்கூட அச்சடித்த கணக்கை அப்படியே தராது. அந்த 20000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் சொல்கிற கணக்கு. அதை 5 வோல்ட்டாக ஏற்றிப் போனுக்குத் தரும்போது பன்னிரண்டு, பதின்மூன்றாயிரம் கிடைத்தால் நல்ல சரக்கு. 5000 பேட்டரி போனை இரண்டரை தடவை நிரப்பும். நாலு தடவை என்று அந்தக் கடைக்காரர் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அப்புறம், இந்தியாவில் பவர் பேங்க் விற்க பி.ஐ.எஸ்., அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின், பதிவு கட்டாயம். ஆர் என்ற ஆங்கில எழுத்தும் எட்டு இலக்கமும் கொண்ட பதிவு எண் அதன் மேல் இருக்க வேண்டும். என்னுடையதிலும் இருந்தது! பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்துப் பார்த்தேன், யாரோ ஒரு கம்பெனியின் எல்.இ.டி. விளக்குக்குக் கொடுத்த எண்ணாம். கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் பார்த்திருக்கலாம். எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, அது எந்தப் பொருளுக்கானது என்று பாருங்கள். காய்கறிக் கடைத் தராசில் ஒரு தடவை வைத்துப் பார்த்தாலும் தப்பில்லை.

அடுத்த ஞாயிறு திரும்பக் கொண்டுபோனேன். "செக் பண்ணிக் காட்டித்தானே குடுத்தேன் சார்? கரண்ட் ஐட்டத்துக்கெல்லாம் கேரண்டி கெடையாது" என்றார். மணலைக் காட்டினேன். "நீங்க தொறந்துட்டீங்க, இனிமே நான் என்ன பண்றது?" நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்தேன். பொறுமையாகத்தான் கேட்டார்கள். பில், கடைப் பெயர், முகவரி என்று வந்தபோது என்னிடம் இருந்தது ஜிபே ஸ்கிரீன்ஷாட் ஒன்றுதான். அதில் இருந்ததும் வேறு யாரோ ஒருவரின் பெயர்.

பிறகு வேறொரு கடையில் பில்லோடு ஒரு 10000 எம்.ஏ.எச். பவர் பேங்க் வாங்கினேன். கடைக்காரரிடம் தராசு கேட்டேன், ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொடுத்தார். 220 கிராம். வாங்கிய அன்றே போனை ஒன்றேகால் தடவை நிரப்பிப் பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் வைத்தேன். அக்கா நம்பரைக் காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு காந்தி வீதிப் பக்கம் போக வேண்டியிருந்தது. அதே நீலத் தார்பாய், அதே டப்பா, அதே நீல எழுத்து. அட்டையில் மட்டும் இப்போது 50000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தது. விலை 800.